மதிப்பு வேறு, விலை வேறு

கிரிக்கெட்டை அறியாத மாணவர் நம்மிடையே அரிது. அந்தக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஆட்டம் ஒன்று அமெரிக்காவில் ஆடப்படுகிறது. அதுதான் பேஸ்பால். அங்கும் ஒருவர் பந்தை எறிகிறார், இன்னொருவர் மட்டையால் அடிக்கிறார், அடித்தவர் ஓடுகிறார். அந்த ஆட்டத்தின் பின்னால் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. அணிகள் ஆட்டக்காரர்களை விலை பேசி எடுக்கும் வியாபாரம் அது. அதற்குள் அருமையான கணக்குப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

2001ஆம் ஆண்டின் கடைசியில் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் என்ற அணிக்குப் பெரும் இடைஞ்சல் நேர்ந்தது. அந்த ஆண்டு 162 ஆட்டங்களில் 102 ஆட்டங்களை வென்ற நல்ல அணி அது. ஆனால் ஏழை அணி. பருவம் முடிந்ததும் அதன் தலைசிறந்த மட்டையாளரான ஜேசன் ஜியாம்பியை நியூயார்க் யாங்கீஸ் என்ற செல்வந்த அணி இழுத்துக்கொண்டது. ஏழு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் என்பது ஒப்பந்தம். ஓக்லாண்ட் அணியினர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஓராண்டுச் சம்பளமே ஏறத்தாழ 4 கோடி டாலர்தான்! அதாவது, ஒரே ஒருவருடைய ஒப்பந்தத் தொகை ஓர் அணியின் மூன்றாண்டுச் சம்பளத்துக்குச் சமம். ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹாசன் என்ற மேலும் இரு முக்கிய ஆட்டக்காரர்களும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள்.

மூவரும் போன பிறகு, கையில் பணமும் இல்லாத நிலையில், அந்த அணி அடுத்த ஆண்டு என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2002ஆம் ஆண்டில் அது 103 ஆட்டங்களை வென்றது. முந்தைய ஆண்டைவிட ஒன்று அதிகம்! இது எப்படி முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஆட்டத்தின் சில விதிகளைத் தெரிந்துகொள்வோம்.

ஆட்டமும் அதன் விதியும்

பேஸ்பால் திடலில் சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் உள்ளன. மட்டையாளர் ஒரு மூலையில் நின்று பந்தை அடிப்பார். பிறகு மற்ற மூன்று தளங்களையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் அணிக்கு ஓர் ஓட்டம். ஒரே மூச்சில் சுற்றி வர வேண்டியதில்லை. முதல் தளத்தில் நின்றுகொண்டு, அடுத்தவர் அடிக்கும்போது மேலே ஓடலாம். பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து அனுப்பிவிட்டால் நிதானமாகவே சுற்றி வரலாம். அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர்.

ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது பகுதிகள்; பகுதிக்கு மூன்று 'அவுட்'. ஆக மொத்தம் 27 அவுட். இந்த 27 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில், தளத்தின் அகலத்துக்கு ஒரு கற்பனைக் கட்டம் இருக்கிறது. பந்து அதற்குள் வர வேண்டும். வெளியே போகும் பந்துகளை மட்டையாளர் ஆசைப்பட்டு வீசாமல் விட்டுவிட்டால், அப்படிப்பட்ட நான்கு பந்துகளுக்குப் பிறகு அவர் முதல் தளத்துக்குச் சும்மா நடந்தே போகலாம். இதற்கு 'வாக்' என்று பெயர். நாம் 'நடை' என்போம். நம் கதையின் புதையல் இந்த நடையில்தான் இருக்கிறது.

குளிர்காலச் சந்தை

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ பருவம் முடிகிறது. பிப்ரவரியில் மீண்டும் பயிற்சி தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில்தான் சந்தை சூடு பிடிக்கும். 1975ஆம் ஆண்டின் கடைசிவரை ஆட்டக்காரர்களுக்குத் தம் அணியை விட்டுப் போகும் உரிமை கிடையாது. அந்த டிசம்பரில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பால் அந்தக் கட்டு அறுந்தது. அதன் பின் வந்த ஏற்பாட்டின்படி, ஆறு ஆண்டுகள் முதல்நிலை ஆட்டங்களில் ஆடியவர், ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணியுடனும் பேசலாம். ஆறு ஆண்டு நிரம்பாதவர் குறைந்த சம்பளத்துக்குப் பழைய அணியிலேயே ஆட வேண்டும். அந்த அணி "வேண்டாம்" என்று விட்டுவிட்டால் அவரும் சந்தைக்கு வந்துவிடுவார்.

சந்தை என்றால் விலை வேண்டும் அல்லவா? ஆட்டக்காரரின் விலையை எதை வைத்துத் தீர்மானிப்பது? நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கண்ணால் பார்ப்பது: நல்ல உயரம், ஓட்டத்தில் வேகம், வீச்சில் அழகு. மற்றொன்று 'மட்டைச் சராசரி' என்ற எண்.

கண்ணால் பார்ப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓக்லாண்ட் அணியின் அன்றைய பொது மேலாளர் பில்லி பீனே சாட்சி. 1980ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞராக, அவரை நியூயார்க் மெட்ஸ் அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. ஆணழகர், வேகக்காரர், பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் முதல்நிலை ஆட்டங்களில் அவர் ஆடியது மொத்தம் 148 ஆட்டங்கள். மட்டைச் சராசரியோ வெறும் 0.219. மதிப்புக்கு மேல் விலை போன சரக்கு எப்படி இருக்கும் என்பதை அவர் தம் வாழ்க்கையிலேயே கண்டவர்.

சராசரி மறைத்த உண்மை

சரி, எண்ணையாவது நம்பலாமா? மட்டைச் சராசரி என்பது, அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை முறை அடித்துத் தளம் சேர்ந்தார் என்ற பின்னம். இந்தக் கணக்கை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளரானவர். கிரிக்கெட் செய்திகளை எழுதிப் பழகியவர். கிரிக்கெட்டில் 'நடை' போன்ற ஒன்று கிடையாது. நடை என்பது பந்தெறிபவரின் பிழை. அதில் மட்டையாளருக்கு என்ன பெருமை என்று அவர் கருதினார். அதனால் மட்டைச் சராசரிக் கணக்கில் நடைக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இதனால் விளையும் குழப்பத்தைப் பாருங்கள். இரண்டு மட்டையாளர்கள், ஒவ்வொருவரும் 600 முறை மட்டை பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் 20 முறை நடையால் தளம் சேர்கிறார். மீதி 580 வாய்ப்புகளில் 168 முறை அடித்துத் தளம் சேர்கிறார். மட்டைச் சராசரி 168/580, அதாவது 0.290.

இரண்டாமவர் பொறுமைசாலி. 90 முறை நடையால் தளம் சேர்கிறார். மீதி 510 வாய்ப்புகளில் 138 முறை அடித்துச் சேர்கிறார். மட்டைச் சராசரி 138/510, அதாவது 0.271.

பத்திரிகைப் பட்டியலில் முதலாமவர் மேலே இருப்பார். ஆனால் தளம் சேர்ந்த மொத்த எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முதலாமவர் 188, இரண்டாமவர் 228. அதை 600ஆல் வகுத்தால் முதலாமவருக்கு 0.313, இரண்டாமவருக்கு 0.380. இந்த இரண்டாவது எண்ணுக்குத் 'தளம் சேர் விகிதம்' என்று பெயரிடலாம். இதில் இரண்டாமவர் எங்கோ உயரத்தில் இருக்கிறார்!

இப்போது அந்த 27ஐ நினைவுகூருங்கள். பேஸ்பாலில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. 27 அவுட் தீரும் வரை ஓர் அணி ஆடிக்கொண்டே இருக்கலாம். ஆகவே, கையிருப்பு என்பது அவுட்தான். தளம் சேர் விகிதம் p என்றால், ஒருவர் அவுட் ஆகும் நிகழ்தகவு 1 − p. ஓடும்போது அவுட் ஆகிறவர்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், ஓர் ஆட்டத்தில் மட்டை பிடிக்க வருபவர்களின் சராசரி எண்ணிக்கை 27/(1 − p). p = 0.320 என்றால் 39.7 பேர் வருவார்கள். p = 0.364 என்றால் 42.5 பேர் வருவார்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2¾ பேர் கூடுதல். 162 ஆட்டங்களுக்குப் பெருக்கினால் சுமார் 445 கூடுதல் வாய்ப்புகள்! கண்ணுக்கு அழகில்லாத அந்த நடை எவ்வளவு பெரிய செல்வம், பார்த்தீர்களா?

இதை உரக்கச் சொன்னவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு உணவுப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தவர். இரவு நேரங்களில் ஆட்டக் கணக்குகளை அலசி ஆராய்ந்து, 1977ஆம் ஆண்டு முதல் தாமே சிறு நூல்களாக வெளியிட்டார். அணிகளின் நிருவாகிகள் நெடுநாள் வரை அவரைக் கண்டுகொள்ளவில்லை. 

வேண்டாம் என்று விடப்பட்டவர்

ஓக்லாண்ட் அணி கண்டுகொண்டது. பீனின் உதவியாளர் பால் டிபொடெஸ்டா, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். அவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். "ஜியாம்பியைப் போல் இன்னொருவர் எங்கே கிடைப்பார்?" என்று கேட்கவில்லை. "அடுத்த ஆண்டு எத்தனை வெற்றிகள் வேண்டும்? அதற்கு எத்தனை ஓட்டங்கள் வேண்டும்?" என்று கேட்டார்.

பல ஆண்டு ஆட்டங்களின் கணக்கை எடுத்து, ஓர் அணி பெற்ற ஓட்டங்களுக்கும் எதிரிக்குக் கொடுத்த ஓட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் அச்சிலும், வெற்றிகளை மற்றோர் அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி அமைகின்றன. அக்கோடு சொல்லும் பாடம் எளிது: பத்து ஓட்ட வித்தியாசம் ஏறத்தாழ ஒரு வெற்றிக்குச் சமம். இறுதிச் சுற்றுக்குள் நுழைய 95 வெற்றிகள் போதும் என்று டிபொடெஸ்டா கணித்தார். சரிபாதி வெற்றி என்பது 81. மேற்கொண்டு 14 வெற்றிகள் வேண்டும். அதற்குச் சுமார் 135 ஓட்டங்கள் மிஞ்ச வேண்டும். இதுதான் இலக்கு.

2001ஆம் ஆண்டில் ஜியாம்பியின் தளம் சேர் விகிதம் 0.477. டேமனுடையது 0.324. இடம் இழந்த இன்னொரு மட்டையாளரான ஒல்மெடோ சயென்சுடையது 0.291. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 0.364. அப்படியானால் இன்னொரு ஜியாம்பியைத் தேட வேண்டியதில்லை. சராசரியாக 0.364 தரக்கூடிய, மற்றவர்கள் கண்ணில் படாத மூவர் போதும்!

அப்படிக் கிடைத்தவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டபர்க். பாஸ்டன் அணியில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவராக இருந்தவர். முழங்கை நரம்பு பழுதாகி அறுவைச் சிகிச்சை செய்தபின், அவரால் பழையபடி பந்தை எறிய முடியவில்லை. எறிய முடியாத கேட்சர் யாருக்கு வேண்டும்? பாஸ்டன் அவரைக் கொலராடோ அணிக்குத் தள்ளியது. 2001 டிசம்பரில் கொலராடோவும் ஒப்பந்தம் தராமல் விட்டுவிட்டது. முப்பத்திரண்டு வயதில் அவருடைய ஆட்ட வாழ்க்கை அநேகமாக முடிந்தே போயிற்று.

ஆனால் அவருடைய கணக்கேட்டைப் புரட்டிய ஓக்லாண்ட் அணியினர் ஒன்றைக் கவனித்தார்கள். கெட்ட பந்துக்கு அவர் மட்டையை வீசுவதே இல்லை. கை போனாலும் கண் போகவில்லை! அவரை 10 இலட்சம் டாலருக்கும் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து, அதிகம் எறிய வேண்டாத முதல் தளக் காவலுக்கு நிறுத்தினார்கள். அவர் அதுவரை ஆடியறியாத இடம் அது. ரான் வாஷிங்டன் என்ற பயிற்சியாளர் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். 2002ஆம் ஆண்டில் ஹாட்டபர்க்கின் தளம் சேர் விகிதம் 0.374. யாங்கீஸிலிருந்து மெட்ஸ் வழியாக வந்துசேர்ந்த டேவிட் ஜஸ்டிஸ் என்ற மூத்த ஆட்டக்காரருடையது 0.376.

அந்த ஆண்டு ஆகஸ்டு 13 முதல் செப்டம்பர் 4 வரை ஓக்லாண்ட் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. இருபதாவது ஆட்டத்தில் 11–0 என முன்னணியில் இருந்து, பிறகு 11–11 எனச் சமநிலைக்கு இறங்கிவிட்டது. கடைசிப் பகுதியில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஹாட்டபர்க் ஒரு ஹோம் ரன் அடித்து 12–11 என்று முடித்துவைத்தார்.

ஒரு முறை அளந்தால் போதுமா?

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அறிவியல் மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஓர் ஆட்டக்காரரின் எண்ணில் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு?

ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஓர் அலைவுக்கு மட்டும் அளந்து விடை எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? இருபது அலைவுகளை அளக்கச் சொல்வார். மட்டையாளர் விஷயமும் இதுவே. உண்மையான திறமை p என்றும், வாய்ப்புகள் n என்றும் கொண்டால், தற்செயலால் வரக்கூடிய விலகலின் அளவு p(1 − p)/n என்பதன் வர்க்கமூலம். p = 0.265, n = 45 என்று போட்டால் விடை 0.066. அதாவது 0.265 திறமை உடையவர் 45 வாய்ப்புகளின் முடிவில் 0.200 என்றோ 0.330 என்றோ காட்சி தருவது சர்வ சாதாரணம். 500 வாய்ப்புகள் கிடைத்தால் இந்த விலகல் 0.020 ஆகச் சுருங்கும்.

பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1977ஆம் ஆண்டில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் இதற்கு அழகான எடுத்துக்காட்டுத் தந்தார்கள். 1970ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 மட்டையாளர்களின் முதல் 45 வாய்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பொதுவான சராசரி 0.265. பட்டியலின் உச்சியில் ராபர்ட்டோ கிளமெண்ட்டே: 0.400. அடிப்பகுதியில் தர்மன் மன்சன் என்ற புதுமுகம்: 0.178.

"ஒவ்வொருவரும் பொதுச் சராசரியிலிருந்து விலகியிருக்கும் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்புவோம்" என்றது அவர்கள் கையாண்ட முறை. அதன்படி கிளமெண்ட்டேக்குச் சுமார் 0.29, மன்சனுக்குச் சுமார் 0.25. மீதிப் பருவத்தில் நடந்தது என்ன? கிளமெண்ட்டே 0.346க்கு இறங்கினார். மன்சனோ 0.316க்கு ஏறினார்! அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற பட்டத்தையும் அவரே பெற்றார். கிளமெண்ட்டே மாபெரும் ஆட்டக்காரர். அவர் விஷயத்தில் அம்முறை குறைத்துத்தான் சொன்னது. ஆனால் 18 பேரையும் சேர்த்து, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்தால், புதிய முறையின் பிழை பழையதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு.

குளிர்காலச் சந்தைக்கு இதனால் என்ன பயன்? சென்ற ஆண்டு துரதிர்ஷ்டம் பிடித்த நல்ல ஆட்டக்காரர் இந்த ஆண்டு மலிவாகக் கிடைப்பார். அதிர்ஷ்டம் அடித்த சாதாரண ஆட்டக்காரர் கொள்ளை விலைக்குப் போவார். அடுத்த பருவத்தில் இருவரும் சராசரியை நோக்கி நகர்வார்கள். முன்னவரை வாங்கி, பின்னவரை விடுவதே புத்திசாலித்தனம்.

நீங்களே செய்து பாருங்கள்

வகுப்பில் 40 மாணவர்கள் இருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 20 முறை சுண்டி, எத்தனை முறை தலை விழுந்தது என்று எழுதுங்கள். எதிர்பார்ப்பது 10. ஆனால் இரண்டு மூன்று பேருக்காவது 14 அல்லது அதற்கு மேல் விழுந்திருக்கும். அவர்களை 'நாணயம் சுண்டும் மாவீரர்கள்' என்று பாராட்டிவிட்டு, மீண்டும் 20 முறை சுண்டச் சொல்லுங்கள். அவர்களுடைய சராசரி பெரும்பாலும் 10ஐ ஒட்டி வந்துவிடும். முதல் முறை 6 வாங்கியவர்களும் அப்படியே 10ஐ நோக்கி ஏறிவிடுவார்கள். முதல் சுற்றை வைத்து 'மாவீரர்களுக்கு' விலை கொடுத்திருந்தால் உங்கள் பணம் என்ன ஆகியிருக்கும்?

ஓக்லாண்ட் வெற்றியின் மறுபக்கம்

இதே அளவுகோலால் ஓக்லாண்ட் அணியையும் அளப்பதுதான் நியாயம். 2002ஆம் ஆண்டில் அது பெற்ற ஓட்டங்கள் 800, கொடுத்தவை 654. வித்தியாசம் 146. பத்துக்கு ஒரு வெற்றி என்ற கணக்கின்படி 81 உடன் 14.6ஐக் கூட்டினால் ஏறத்தாழ 96 வெற்றிகள். கிடைத்ததோ 103. எஞ்சிய ஏழில் பெரும்பகுதி அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த அணியில் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஜிட்டோ என்ற மூன்று இளம் பந்தெறிபவர்கள் இருந்தார்கள். ஜிட்டோ அந்த ஆண்டின் சிறந்த பந்தெறிபவராகத் தேர்வு பெற்றார். மிகெல் தெஹாதா அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். நால்வரும் அந்த அணியே வளர்த்த பிள்ளைகள். ஆறு ஆண்டு நிரம்பாததால் குறைந்த சம்பளத்துக்கு ஆடியவர்கள். வெற்றிக்கு இவர்கள் தூண்கள். ஹாட்டபர்க் போன்றவர்கள் உத்தரங்கள். தூண் இல்லாமல் உத்தரம் நிற்காது. உத்தரம் இல்லாவிட்டாலோ கூரை நிற்காது.

இவ்வளவும் செய்த ஓக்லாண்ட் அணி, இறுதிச் சுற்றின் முதல் கட்டத்திலேயே மின்னசோட்டா அணியிடம் 3–2 என்று தோற்றது. யானைக்கும் அடி சறுக்கும்! இதையும் கணக்கிடலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி வாய்ப்பு 0.55 உள்ள நல்ல அணி, ஐந்து ஆட்டத் தொடரை வெல்லும் நிகழ்தகவு 0.59தான். பத்துத் தொடர்களில் நான்கில் நல்ல அணியே தோற்கும். 162 ஆட்டங்களில் பேசும் திறமை, ஐந்து ஆட்டங்களில் வாய் திறக்காமலே போகலாம்.

மலிவு நீடிக்குமா?

2003ஆம் ஆண்டில் மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் ஓக்லாண்டின் கதையை 'மணிபால்' என்ற நூலாக வெளியிட்டார். இரகசியம் வெளியே வந்துவிட்டது. ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆட்டக்காரர்களின் சம்பளங்களை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தளம் சேரும் திறமைக்கு அதன் உண்மையான பயனுக்கேற்ற சம்பளம் முன்பு கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டிலோ நிலைமை மாறிவிட்டது என்று அவர்கள் கண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்ட மலிவு, மலிவாக இருக்க முடியாது அல்லவா?

செல்வந்த அணிகளும் கணக்குப் போடத் தொடங்கின. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 2002ஆம் ஆண்டின் கடைசியில் பில் ஜேம்ஸையே ஆலோசகராக அமர்த்தியது. அதே குளிர்காலத்தில் மின்னசோட்டா அணி டேவிட் ஓர்ட்டிஸ் என்ற மட்டையாளரை வேண்டாம் என்று விட்டது. பாஸ்டன் அவரை 12½ இலட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் அவருக்கு நிலையான இடம்கூடக் கொடுக்கப்படவில்லை. 2004ஆம் ஆண்டில் பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. 1918க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஓர்ட்டிஸ் மொத்தம் 541 ஹோம் ரன்கள் அடித்து, 2022ஆம் ஆண்டில் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார்.

சுழலும் பந்தில் ஒரு புதையல்

நடையின் விலை ஏறியதும் தேடல் வேறு பக்கம் திரும்பியது. இம்முறை இயற்பியல் துணைக்கு வந்தது. பந்தெறிபவர் 18.44 மீட்டர் தொலைவிலிருந்து எறிகிறார். கையை விட்டுப் பந்து கிளம்பும் இடம் சற்று முன்னால் இருப்பதால் அது கடக்கும் தூரம் சுமார் 17 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் என்றால் 0.4 விநாடியில் வந்து சேரும். அதற்குள் புவியீர்ப்பு அதை ½gt² கணக்கின்படி சுமார் 0.8 மீட்டர் கீழே இழுக்கும். ஆனால் பந்து சுழன்றுகொண்டு வருவதால், சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. எதிர்வினையாகக் காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. இதுவே மேக்னஸ் விளைவு. மேற்பரப்பு முன்னோக்கி உருளும்படி சுழலவிட்டால் பந்து இன்னும் வேகமாகக் கீழே விழும். மட்டையாளர் எதிர்பார்த்த இடத்தில் பந்து இருக்காது.

இந்தச் சுழற்சியைக் கண்ணால் எண்ண முடியாது. டாப்ளர் விளைவைப் பயன்படுத்தும் ராடார் கருவி எண்ணிவிடும். காலின் மெக்ஹ்யூ என்ற பந்தெறிபவர் 2013ஆம் ஆண்டில் ஒன்பது பகுதிகளுக்குச் சுமார் 10 ஓட்டங்கள் வீதம் கொடுத்துக்கொண்டிருந்தார். கொலராடோ அவரை விட்டுவிட்டது. அந்த டிசம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. காரணம், அவருடைய வளைபந்தின் சுழற்சி வேகம் மிக அதிகம் என்று கருவி காட்டியது. 2014ஆம் ஆண்டில் அவர் கொடுத்தது ஒன்பது பகுதிகளுக்கு 2.73 ஓட்டங்கள் மட்டுமே. அடுத்த ஆண்டு 19 வெற்றிகளை ஈட்டினார். 2015ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் முதல்நிலைத் திடல்கள் எல்லாவற்றிலும் இத்தகைய அளவீட்டு முறை அமைக்கப்பட்டது. ஆகவே சுழற்சியும் இரகசியமாக இல்லாமல் போயிற்று!

மூன்று கேள்விகள்

இந்தக் கதையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பேஸ்பால் விதிகளை அல்ல, மூன்று கேள்விகளை. ஓர் எண்ணைக் கண்டதும் கேளுங்கள்: இது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது? எத்தனை முறை அளந்து இந்த எண் வந்தது? இதை ஏற்கனவே எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? முதல் கேள்வி நடையைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, தற்செயலைப் பிரித்துக் காட்டியது. மூன்றாவது, மலிவு ஏன் நிலைக்காது என்று சொல்லியது.

மூன்றையும் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக் கிரிக்கெட் அணியின் ஆட்டக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதப்படாமல் விடுபட்டிருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். தடுத்து நிறுத்திய ஓட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா? விக்கெட் சரியும்போது மறுமுனையில் நின்று காத்தவரைப் பற்றி ஏதேனும் குறிப்பு உண்டா? ஒரு பருவம் முழுவதும் நீங்களே அவற்றைக் குறித்து வாருங்கள். அணியில் யாரும் கவனிக்காத ஒரு ஹாட்டபர்க் உங்கள் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

2001 டிசம்பரில் இரண்டு அணிகள் வேண்டாம் என்று கைவிட்ட அந்த ஹாட்டபர்க், 2008ஆம் ஆண்டு வரை முதல்நிலை ஆட்டங்களில் ஆடினார்.